ஹனோய் – சைகோன்: வானத்தில் 1,155, தண்டவாளத்தில் 1,726

செவ்வாய், ஹனோய்

ஹனோயிலிருந்து சைகோனுக்கு எவ்வளவு தூரம் என்று போனில் தேடினால் முதலில் வருவது விமானக் கணக்குதான். சுமார் 1,155 கிலோமீட்டர், இரண்டு மணி பத்து நிமிடம். ரயில் கணக்கைப் பார்க்க இன்னும் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும்: 1,726 கிலோமீட்டர், ஏறக்குறைய முப்பத்து நான்கு மணி நேரம்.

"இதுல யோசிக்க என்ன மாமா இருக்கு?" என்றான் அக்கா மகன். கூட வந்திருப்பவன் அவன்தான். வேலைக்குச் சேர்ந்தபின் கிடைத்த முதல் நீண்ட விடுப்பில் ஒன்றரை நாளை ரயிலில் தொலைப்பதா என்பது அவன் கேள்வி. எனக்கோ வியட்நாமுக்கு வந்ததே அந்த ரயிலுக்காகத்தான். கடைசியில் ஒரு சமரசத்துக்கு வந்தோம். ஊர் திரும்பும் டிக்கெட் ஹனோயிலிருந்துதான் என்பதால் எப்படியும் திரும்பி வர வேண்டும். போகும்போது என் இஷ்டம், வரும்போது அவன் இஷ்டம்.

இரண்டு தூரத்துக்கும் இடையில் 570 கிலோமீட்டர் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று சாயங்காலம் வரைபடத்தை விரித்து வைத்துப் பார்த்தோம். ஹனோயும் சைகோனும் ஏறத்தாழ ஒரே தீர்க்கரேகையில், 106 பாகையை ஒட்டி இருக்கின்றன. ஒன்றுக்கு நேர் கீழே இன்னொன்று. ஆனால் நடுவில் நாடு வில்லாக வளைந்து கிழக்கே போய்விடுகிறது; நா ட்ராங் பக்கம் கடற்கரை 109 பாகையைத் தொடுகிறது. இரண்டு ஊருக்கும் நூல் பிடித்தால், நூல் 2025 வரை தனி மாகாணமாக இருந்த குவாங் பின் பகுதிக்குப் பக்கத்தில் வியட்நாமை விட்டு வெளியேறி, லாவோஸ், கம்போடியா மேல் போய், சைகோனை நெருங்கும்போதுதான் திரும்ப உள்ளே வருகிறது. உள்நாட்டுப் பயணம்தான், ஆனால் நேர்கோடு வெளிநாட்டில் ஓடுகிறது! ரயில் கடற்கரையை விட்டு எங்கே போகும்? வளைந்துதான் ஆக வேண்டும்.

டிக்கெட் வாங்க ஹனோய் ரயில் நிலையத்துக்குப் போனோம். இரண்டு பக்கமும் பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய பழைய மஞ்சள் கட்டடம், நடுவில் மட்டும் சம்பந்தமே இல்லாமல் சிமெண்ட் கட்டம் கட்டமாக ஒரு முகப்பு. 1972 டிசம்பரில் அமெரிக்கக் குண்டு விழுந்த இடம் அது. போர் முடிந்து கட்டியபோது பழைய அழகைத் திரும்பக் கொண்டுவர யாரும் மெனக்கெடவில்லை. எனக்கென்னவோ அதுவே சரி என்று பட்டது.

புதன், ஹனோய்

பகல் முழுக்கப் பழைய நகரத் தெருக்களில் சுற்றினோம். அதைப் பற்றி எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். நான் ரயிலுக்கு வந்துவிடுகிறேன்.

இரவு ஒன்பது மணி வாக்கில் புறப்பாடு. நான்கு படுக்கை கொண்ட அறை கொஞ்சம் விலை கூடுதல், ஆறு படுக்கை அறை குறைவு. ஆறில் மேல்படுக்கை கிடைத்தால் உட்காரவே முடியாது, படுத்தே கிடக்க வேண்டியதுதான். நாங்கள் நான்கில் கீழ்படுக்கை இரண்டும் எடுத்திருந்தோம். பெட்டியின் ஒரு ஓரமாக நடைபாதை, கடைசியில் வெந்நீர்க் குழாய். அந்தக் குழாயை நம்பித்தான் பாதி ரயிலே சாப்பிடுகிறது. கப் நூடுல்ஸ் மூடியைக் கிழித்துக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள்.

ஏறியதுமே ஏதோ பழகிய இடத்துக்கு வந்த மாதிரி இருந்தது. வண்டி கிளம்பி இடமும் வலமுமாக ஆட ஆரம்பித்தபோதுதான் காரணம் பிடிபட்டது. மீட்டர்கேஜ்! ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம். தொண்ணூறுகளில் எழும்பூரிலிருந்து தெற்கே போனவர்களுக்கு இந்த ஆட்டம் உடம்பில் இருக்கும். நம் ஊரில் அகலப்பாதை 1,676 மில்லிமீட்டருக்கு மாற்றிவிட்டோம். இவர்கள் முதுகெலும்பு மாதிரியான பாதையை இன்னும் ஆயிரத்திலேயே ஓட்டுகிறார்கள். ஒற்றை வழி வேறு. எதிர் வண்டிக்காக அங்கங்கே ஒதுங்கி நிற்க வேண்டும். மொத்த தூரத்தை நேரத்தால் வகுத்தால் சராசரி வேகம் மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் சொச்சம்தான் வருகிறது.

"மாமா, நம்ம டவுன் பஸ்ஸே இதைவிட வேகமா போகும்" என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டான்.

தான் ஹோவா என்ற ஊர் வரும்வரை விழித்திருந்தேன். ஊருக்கு முன்னால் மா ஆற்றின் மேல் ஹாம் ரோங் பாலம். 1965 முதல் அமெரிக்க விமானங்கள் இந்தப் பாலத்தைத் தகர்க்கப் பார்த்துத் தோற்றுத் தோற்று, 1972இல் லேசர் வழிகாட்டும் குண்டுகள் வந்த பிறகுதான் அது சாய்ந்தது. இப்போது இருப்பது மறுபடி கட்டியது. இருட்டில் இரும்புச் சட்டங்கள் சடசடவென்று ஜன்னலைக் கடந்தன. அவ்வளவுதான். ஆறு கூடத் தெரியவில்லை.

வியாழன், ரயிலில்

விழித்தபோது வண்டி கடலை விட்டு உள்ளே தள்ளி, குவாங் பின் பகுதியின் சுண்ணாம்புக்கல் குன்றுகளுக்கு நடுவில் போய்க்கொண்டிருந்தது. வயலுக்கு நடுவில் வெள்ளைக் கல்லறைகள், எருமைகள், வாழை. வின் நிலையத்துக்குப் பிறகு பாதை மலைப் பக்கம் ஒதுங்கி, டோங் ஹோயில் திரும்பக் கடற்கரைச் சமவெளிக்கு வருகிறது. தள்ளுவண்டியில் அரிசிக் கஞ்சி வந்தது. மிளகுத்தூளைத் தாராளமாகப் போட்டுக் கொடுத்தார் அந்த அம்மா. பையன் கஞ்சியை ஒரு வாய் குடித்துவிட்டு, "பாட்டி செய்யற கஞ்சி மாதிரியே இருக்கு மாமா" என்றான். ரயிலைப் பற்றி அவன் சொன்ன முதல் நல்ல வார்த்தை.

டோங் ஹோய் தாண்டி ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் பென் ஹாய் ஆறு. 17வது அட்சரேகையை ஒட்டி ஓடும் சின்ன ஆறு. 1954 ஜெனீவா உடன்பாட்டுக்குப் பிறகு வடக்கு, தெற்கு வியட்நாம்களைப் பிரித்த கோடு இதுதான். ரயில் அரை நிமிடத்தில் தாண்டிவிடுகிறது. யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மேல்படுக்கைப் பெரியவர் மட்டும் கையால் ஜன்னலுக்கு வெளியே காட்டி ஏதோ சொன்னார். எங்களுக்குப் புரியவில்லை என்று தெரிந்ததும் இரண்டு விரல்களைப் பிரித்துக் காட்டி, அப்புறம் சேர்த்துக் காட்டினார்.

இந்தப் பாதைக்கு ஒரு கதை உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வேலையை ஆரம்பித்து, துண்டு துண்டாகப் போட்டு, 1936இல்தான் முழுப் பாதையும் இணைந்தது. இருபதாண்டு கூட ஒழுங்காக ஓடவில்லை. நாடு பிரிந்ததும் பாதையும் இரண்டாயிற்று. வடக்கே அமெரிக்கக் குண்டுகள், தெற்கே கண்ணிவெடிகள். போர் முடிந்து பாலங்களையும் சுரங்கங்களையும் ஒட்டுப் போட்டு, 1976 டிசம்பர் 31 அன்று திரும்பவும் ஹனோய்–சைகோன் வண்டி விட்டார்கள். அப்போது பயண நேரம் சுமார் 72 மணி. இன்றைக்கு அதில் பாதிக்கும் குறைவு. அந்தக் கணக்கில் பார்த்தால் நாங்கள் ஏறியிருப்பது வேக வண்டி!

ஹுவேயில் கூட்டம் இறங்கி வேறு கூட்டம் ஏறியது. அங்கிருந்து டா நாங் 103 கிலோமீட்டர்தான், இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. ஆகட்டும். லாங் கோ காயலைத் தாண்டியதும் எதிரே மலை கடலுக்குள் கால் நீட்டி நிற்கிறது. அதுதான் ஹாய் வான். சாலைக்காரர்கள் 2005இல் ஆறு கிலோமீட்டருக்கு மேல் சுரங்கம் குடைந்து மலைக்கு அடியிலேயே போய்விடுகிறார்கள். ரயிலுக்கு அந்த வசதி இல்லை. சின்னச் சின்னச் சுரங்கங்களுக்குள் நுழைந்து வெளியே வந்து, மலையின் கடல் பக்கத்தைச் சுற்றிக்கொண்டு நடை வேகத்தில் போகிறது. வளைவில் எட்டிப் பார்த்தால் முன்னால் நம் வண்டியின் எஞ்சினே தெரிகிறது. கீழே, நேர் கீழே, ஆள் இல்லாத மணல் திட்டுகள். தண்ணீர் கரையோரம் பச்சை, உள்ளே போகப் போக நீலம். மரக்கிளைகள் ஜன்னலில் உரசி இலை உதிர்ந்து உள்ளே விழுகிறது. நடைபாதை முழுக்க ஆட்கள். பையன் போனை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டே இருந்தான். "எதுக்கு மாமா ரயிலு" என்ற பேச்சே அப்புறம் எழவில்லை.

டா நாங் நிலையத்தில் ஒரு வேடிக்கை. அது முட்டுச்சந்து நிலையம். பாதை அங்கேயே முடிகிறது. வந்த எஞ்சினைக் கழற்றி, வால் பக்கம் எஞ்சின் மாட்டி, வந்த வழியே கொஞ்ச தூரம் பின்வாங்கித் தெற்கே திரும்புகிறார்கள். தூங்கி எழுந்த பையன் ஜன்னலைப் பார்த்துவிட்டுப் பதறிப்போய்க் கேட்டான்: "மாமா, திரும்ப ஹனோய்க்கே போறானா?" இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. வண்டி திசை மாறுவதால் அதுவரை கடலைப் பார்த்த பக்கம் மலையைப் பார்க்க ஆரம்பித்துவிடும். காசு கூடக் கொடுத்துக் கடல் பக்கம் பிடித்தவர்கள் கவனிக்க.

மதியத்துக்கு மேல் வயல், ஊர், வயல். தாம் கி, குவாங் ங்காய், தியூ த்ரி. பொழுது சாய்ந்துவிட்டது. 1936இல் இரண்டு பக்கத்துத் தண்டவாளங்களும் சந்தித்த இடம் துய் ஹோவாவுக்குத் தெற்கே இருக்கிறது, இருட்டில் தாண்டினோம். அதே பக்கத்தில்தான் 2024 ஏப்ரலில் பாய் ஜியோ சுரங்கத்துக்குள் மண் சரிந்து ரயில்கள் நின்றுபோயின. தொண்ணூறு வயதை நெருங்கும் சுரங்கம், பாவம்.

வெள்ளி, சைகோன்

நள்ளிரவுக்கு மேல் தாப் சாம் நிலையத்தில் நிற்கும்போது நான் மட்டும் விழித்திருந்தேன். நிலையத்துக்குப் பக்கத்துக் குன்றில் போ க்லோங் கராய் கோபுரங்கள் இருக்கின்றன. பழைய சம்பா நாட்டுச் சாம் மக்கள் கட்டிய செங்கல் சிவாலயம். உள்ளே முகலிங்கம், வழிபாடு இன்றும் நடக்கிறது. எனக்குக் கிடைத்தது நடைமேடை விளக்கும் கொடி பிடித்து நின்ற ஒரு ஊழியரும்தான். பகல் வண்டியில் வந்தவர்களுக்குக் கொடுத்து வைத்திருக்கிறது.

காலை ஏழு மணிக்கு முன் சைகோன். ஊர் 1976இலிருந்து ஹோ சி மின் நகரம். ஆனால் நிலையத்தின் பெயர் இன்னும் சைகோன்தான், விமான டிக்கெட்டில் மூன்றெழுத்துக் குறியும் எஸ்ஜிஎன்தான். ஹனோயில் ஸ்வெட்டர் போட்டிருந்த பையன் நடைமேடையிலேயே அதைக் கழற்றிப் பையில் திணித்தான். பத்துப் பாகை அட்சரேகை கீழே இறங்கியிருக்கிறோம், சும்மாவா.

குளித்துவிட்டு மத்திய அஞ்சல் நிலையத்துக்குப் போனோம். 1891இல் முடிந்த கட்டடம், உள்ளே இரும்பு வளைவுகள். நான் போனது சுவரில் இருக்கும் வரைபடத்துக்காக. தென் வியட்நாம், கம்போடியா தந்திக் கம்பித் தடங்களை 1936 என்று ஆண்டு குறித்து வரைந்து வைத்திருக்கிறார்கள். ரயில் முழுதாக இணைந்த அதே ஆண்டு. செய்திக்கும் மனிதனுக்கும் தூரம் சுருங்கிய ஆண்டு என்று வைத்துக்கொள்ளலாம்.

உலக நகரங்களின் நேரம் காட்டும் கடிகாரங்களும் அங்கே உண்டு. அதைப் பார்த்ததும் ஒன்று ஞாபகம் வந்தது. இன்று ஹனோய்க்கும் சைகோனுக்கும் நேர வித்தியாசம் கிடையாது. 1975 வரை இருந்தது. சைகோன் ஒரு மணி நேரம் முன்னால். இதனால் ஒரு விபரீதம்: வடக்கு தன் நேரக் கணக்கை மாற்றிப் பஞ்சாங்கத்தையும் திருத்தியதில், 1968இல் டெட் புத்தாண்டு வடக்கே ஜனவரி 29, தெற்கே 30 என்று விழுந்துவிட்டது. அந்த ஆண்டு வடக்குத் தரப்புப் படைகள் தெற்கின் ஊர்கள் மேல் நடத்திய டெட் தாக்குதல் எல்லா ஊரிலும் ஒரே இரவில் தொடங்காமல் சில இடங்களில் ஒரு நாள் முன்னதாகவே தொடங்கியதற்கு இந்தக் குழப்பத்தையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள்.

சனி, சைகோன்

காலையில் மாரியம்மன் கோயில். பென் தான் சந்தையிலிருந்து நடக்கிற தூரம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தமிழ் வணிகர்கள் கட்டியது. பிரெஞ்சு ஆட்சியில் புதுச்சேரி, காரைக்கால் பக்கத்திலிருந்து இங்கே அரசு வேலைக்கு வந்தவர்கள் உண்டு. நகரத்தார் கொடுக்கல் வாங்கலுக்கு வந்தார்கள், அவர்களுடைய தண்டாயுதபாணி கோயில் இன்னொரு தெருவில் இருக்கிறது. அவர்களெல்லாம் கப்பலில் நாள் கணக்கில் வந்தவர்கள்.

இப்போது கும்பிட வருபவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியரும் சீனரும்தான். கை நிறைய ஊதுபத்தி, சாமந்தி, பழம். கருவறையைச் சுற்றிப் பின்பக்கம் வந்தால் ஒவ்வொருவராகச் சுவரில் நெற்றியையும் உள்ளங்கைகளையும் ஒட்டவைத்து, கல்லுக்கு மட்டும் கேட்கும்படி முணுமுணுக்கிறார்கள். பட்டுச் சட்டை போட்ட ஒரு அம்மா ஐந்து நிமிடம் பேசியிருப்பார். முடித்ததும் சுவரைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். "அம்மனுக்கு வியட்நாமீஸ் தெரியுமா மாமா?" என்று காதில் கேட்டான். இத்தனை வருஷத்தில் கற்றுக்கொண்டிருப்பாள்தானே?

ஞாயிறு, திரும்ப ஹனோய்

இன்று அவன் முறை. மணிக்கணக்கை அவனே எழுதிக்கொண்டு வந்தான். நான் வாய் திறக்கவில்லை.

எட்டு மணிக்கு அறையைக் காலி செய்தோம். டான் சோன் நாட் விமான நிலையம் ஊருக்குள்ளேயே, மையத்திலிருந்து ஏழு கிலோமீட்டர்தான். ஸ்கூட்டர் வெள்ளத்தில் கார் ஊர்ந்து போய்ச் சேர நாற்பது நிமிடம். உள்நாட்டு விமானங்களுக்கென்று 2025இல் திறந்த மூன்றாவது முனையம் பளபளவென்று இருக்கிறது. இது உலகிலேயே நெரிசலான உள்நாட்டு வான்தடங்களில் ஒன்று. இரண்டு மணி நேரப் பயணத்துக்குக் கண்டம் தாண்டும் பெரிய விமானங்களையெல்லாம் ஓட்டுகிறார்கள். எங்களுக்குக் கிடைத்தது சின்ன விமானம்தான். பதினொரு மணிக்குக் கிளம்ப வேண்டியது, முக்கால் மணி தாமதம்.

விமானம் மேலே நிலைத்துவிட்டால் வேகம் மணிக்கு 830 கிலோமீட்டர் சுமாருக்கு இருக்கும். 1,155ஐ அதால் வகுத்தால் ஒன்றரை மணி நேரம்கூட வராது. அப்புறம் எதற்கு அட்டவணையில் இரண்டு பத்து? ஓடுபாதை வரை ஊர்ந்து போக, வரிசையில் காத்திருக்க, ஏற, இறங்க, இறங்கிய பிறகு வாசலைத் தேடி ஊர, இத்தனையும் அதில் அடக்கம். போதாக்குறைக்கு விமானமும் நூல் பிடித்தாற்போல் போவதில்லை. திரையில் பார்த்தேன்: கிழக்கே கடற்கரைப் பக்கம் சாய்ந்து, நாட்டின் வளைவைத் தானும் கொஞ்சம் வளைந்துதான் போகிறது. லாவோஸ், கம்போடியா மேல் நேராகப் பறந்தால் என்ன என்று வியட்நாமில் சில ஆண்டுகளுக்கு முன் பெரிய விவாதமே நடந்தது. தங்க வான்வழி என்று அதற்குப் பேர். கணக்குப் போட்டுப் பார்த்ததில், மிச்சமாகும் சில நிமிடங்களை அந்த நாடுகளுக்குக் கட்ட வேண்டிய வான்வழிக் கட்டணம் தின்றுவிடும் என்று தெரிந்து விட்டுவிட்டார்கள்.

ஒரு நல்ல விஷயம், இந்தத் தடத்தில் போக வர நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். மேலே பலமாக வீசும் காற்று மேற்கிலிருந்து கிழக்கே போவது. டெல்லி–டோக்கியோ மாதிரித் தடங்களில் அது ஒரு பக்கம் தள்ளிவிடும், மறுபக்கம் தடுக்கும். ஒரு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் வரும். ஹனோய்–சைகோன் வடக்கு தெற்காகக் கிடப்பதால் அந்தத் தொல்லை இல்லை.

வலது ஜன்னலில் பெரும்பாலும் மேகம். ஒரே ஒரு இடத்தில் விலகி, வெள்ளைக் கோடாகக் கடற்கரை தெரிந்தது. ஹாய் வானா, வேறு எதுவா என்று நான் பார்ப்பதற்குள் மூடிக்கொண்டது. ரயிலில் ஒரு முழுப் பகல் பார்த்த நாட்டை, தண்ணீர் பாட்டில் கொடுத்து, காலி பாட்டிலை வாங்கிக்கொள்ளும் நேரத்தில் தாண்டிவிட்டோம்.

ஹனோயின் நோய் பாய் விமான நிலையத்தில் பெட்டி வரக் காத்திருந்து, பேருந்து ஏறி, செந்நதி மேல் நாட் டான் பாலத்தைத் தாண்டிப் பழைய நகரத்துக்குள் வந்து இறங்கியபோது மூன்று இருபது. இங்கே விமான நிலையம் ஊரிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஆக மொத்தம் ஏழு மணி இருபது நிமிடம். பையன் கால்குலேட்டரைத் தட்டிவிட்டுச் சொன்னான்: "மணிக்கு நூத்தி அறுபது கிலோமீட்டர்கூட வரல மாமா." ஆனாலும் ரயிலை விட மூன்று மடங்கு வேகம். அதை மறுக்க முடியாது. வாரக் கடைசியில் வீட்டுக்கு ஓடுபவரிடம் போய் ஹாய் வான் அழகைச் சொன்னால் அடிக்க வருவார்.

இந்த ஏழு மணி நேரக் கணக்கைத்தான் வியட்நாம் அரசும் போட்டிருக்க வேண்டும். 2024 நவம்பரில் அவர்களுடைய நாடாளுமன்றம் வடக்கு–தெற்கு அதிவேக ரயிலுக்கு ஒப்புதல் கொடுத்தது. 1,541 கிலோமீட்டர், மணிக்கு 350 கிலோமீட்டர் வடிவமைப்பு வேகம், செலவு 67 பில்லியன் டாலர் அளவில். 2035க்குள் முடிப்பது இலக்கு. முழுத் தூரமும் ஐந்தரை மணி நேரத்தில் போகும் என்கிறார்கள். அறைக்கு அறை கணக்குப் போட்டால் விமானத்தோடு மல்லுக்கு நிற்கும். ஆனால் அந்தப் பாதை ஹாய் வானில் மலைக்குள் குடைந்துகொண்டுதான் போகும், சந்தேகமே வேண்டாம்.

வரப் போகிறவர்களுக்கு: முழு ரயில் பயணத்துக்கு விடுப்பு இல்லையென்றால் ஹனோயிலிருந்து ஹுவேக்கு விமானத்தில் வந்து, அங்கிருந்து டா நாங் வரை மட்டும் பகல் ரயில் எடுங்கள். உட்காரும் இருக்கையே போதும், தெற்கே போகும்போது இடது பக்கம் கடல். டா நாங்கிலிருந்து சைகோனுக்குத் திரும்ப விமானம் ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம்தான். இந்த யோசனை என்னுடையது அல்ல, அக்கா மகனுடையது.